சில்லறை போனால் சில்லறைக் கடைக்கு என்ன ஆகும்?

கடலூர் முதுநகரில் சின்னதாக மளிகைக்கடை வைத்திருப்பவர் கேட்ட கேள்வி இது. அமெரிக்காவில் 1 சென்ட் காசு அடிப்பதை நிறுத்திவிட்டார்களாம். இங்கே 50 பைசாவை யாரும் கையால் தொடுவதில்லை. நாளைக்கு 1 ரூபாயும் போய்விட்டால் எங்களைப் போன்ற கடைகளுக்கு எவ்வளவு நட்டம்? கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: மீதிக்குப் பதிலாக மிட்டாய் கொடுப்பது தப்பா, கல்லாவின் மூலையில் கிடக்கும் எட்டணாக்களை என்ன செய்வது?

நான் திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெரிய பொருளாதாரம் தெரியாது, கல்லா தெரியும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் பயப்படும் இடத்தில் நட்டம் இல்லை. பில்லை முழுத் தொகையாக்குவதில் போவதும் வருவதும் ஏறக்குறைய சரியாகிவிடும். அடி விழுவது விலையில். 50 பைசா இருந்தவரை 50 பைசாவுக்கு ஒரு பொருள் இருந்தது, அதை வாங்க ஒரு ஆள் இருந்தார். காசு போனதும் பொருள் 1 ரூபாய்க்கு ஏறவேண்டும், அல்லது கடையை விட்டே போகவேண்டும். வாங்கிய ஆளும் அப்படியே.

முதலில் நீங்கள் பயப்படும் விஷயத்தையே பார்த்துவிடுவோம்.

கனடாக்காரர்கள் 2012 மே மாதம் கடைசிப் பென்னியை, அதாவது 1 சென்ட் காசை, அடித்தார்கள். 2013 பிப்ரவரி 4 முதல் வங்கிகளுக்கு அனுப்புவதையும் நிறுத்தினார்கள். 1 சென்ட் காசு ஒன்றை அடிக்க 1.6 சென்ட் ஆகிறது என்பது காரணம். கடைகளுக்குச் சொன்ன விதி ரொம்ப எளிது. வரி எல்லாம் சேர்த்து வரும் கடைசித் தொகையை மட்டும், அதுவும் ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும், பக்கத்தில் இருக்கும் 5 சென்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கார்டில் கட்டினால் சென்ட் வரை துல்லியமாக வாங்கிக்கொள்ளலாம். கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே இறங்கும். 3, 4 என்றால் 5-க்கு ஏறும். 6, 7 என்றால் 5-க்கு இறங்கும். 8, 9 என்றால் 10-க்கு ஏறும். நாலு தடவை வாடிக்கையாளருக்கு லாபம், நாலு தடவை கடைக்கு லாபம். நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட பூஜ்யம்.

கிட்டத்தட்ட என்றுதான் சொல்கிறேன். 2017-இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக மாணவி ஒருவர் கனடா மளிகைக் கடைகளின் விலைகளை வைத்துக் கணக்குப் போட்டார். விலைகள் பெரும்பாலும் 99 என்றும் 98 என்றும் முடிவதால், மொத்தத்தில் கடைக்காரர்கள் பக்கம் தராசு லேசாகச் சாய்கிறது என்று கண்டார். நாடு முழுக்கச் சேர்த்து ஆண்டுக்கு 30 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல். கேட்க பெரிய தொகைதான். ஒரு கடைக்கு என்று பிரித்தால் வருஷத்துக்கு 200 டாலர்கூடத் தேறவில்லை.

இது கனடா கண்டுபிடித்த வித்தையும் இல்லை. நியூசிலாந்து 1990-இலும் ஆஸ்திரேலியா 1992-இலும் 1 சென்ட், 2 சென்ட் இரண்டையும் சேர்த்தே எடுத்தன. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் பில்லை 5 சென்னுக்கு (அங்கே பைசாவுக்குச் சென் என்று பெயர்) ரவுண்ட் செய்கிறார்கள். அங்கே சொந்தக்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அதை ஒரு பேச்சாகவே எடுக்க மாட்டார்கள். புதுச்சேரியில் பிரான்சுக்குப் போய்வரும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் பையில் 1 சென்ட் செப்புநிறக் காசு இன்னும் கிடக்கும், ஏனென்றால் பிரான்சு அதை விடவில்லை. பக்கத்து பெல்ஜியத்தில் 2019 டிசம்பரிலிருந்து ரொக்க பில்லை 5 சென்ட்டுக்கு ரவுண்ட் செய்கிறார்கள். ஒரே யூரோதான், எல்லை தாண்டினால் பழக்கம் வேறு. நமக்குப் புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் வேறு கணக்கு என்பது போல.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். ஒரு அம்மா வருகிறார். கிலோ 165 ரூபாய்த் துவரம்பருப்பில் 250 கிராம், 41.25. கிலோ 130 ரூபாய்க் கடுகில் 50 கிராம், 6.50. கிலோ 340 ரூபாய்ச் சீரகத்தில் 50 கிராம், 17.00. கிலோ 142 ரூபாய் உளுந்தில் 150 கிராம், 21.30. கூட்டினால் 86.05. நீங்கள் 86 வாங்கினால் உங்களுக்குப் போனது 5 பைசா. ஆனால் நிறையக் கடைகளில் நடப்பது என்ன? பொட்டலம் மடிக்கும்போதே 42, 7, 17, 22 என்று தாளில் எழுதி 88 என்று கூட்டிவிடுகிறார்கள். யாரும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை, கை பழகிவிட்டது. நாளைக்கு 40 பேர் இப்படி வாங்கினால் 80 ரூபாய், மாதம் 2,400. வருமானம்தானே என்று நினைக்கலாம். அந்த அம்மாவின் பையன் ஒருநாள் போனில் கூட்டிப் பார்ப்பான், அத்தோடு அந்தக் குடும்பத்தின் மாதச் சாமான் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடும். ஆகவே ரவுண்ட் செய்வது ஒரே தடவை, கடைசித் தொகையில் மட்டும். கம்ப்யூட்டரில் டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் ரவுண்ட் ஆஃப் என்று தனிக் கணக்கு ஒன்று திறந்து அதில் பைசாக்களைத் தள்ளுங்கள். வருஷக் கடைசியில் அதில் நிற்கும் தொகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். நான் எழுதிய எந்தக் கடையிலும் அது ஒரு நாள் டீச் செலவைத் தாண்டியதில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது பெரிய விதிவிலக்கு. மேலே போட்ட கணக்கு நாலு பொருளைச் சேர்த்து வாங்கும் பில்லுக்கு. ஒரே பொருளை, ஒன்றே ஒன்றாக, தினமும் வாங்கும் இடத்தில் ஏறுவதும் இறங்குவதும் சமமாகாது. ஒரே பக்கமாகவே விழும். 2019 ஆகஸ்டில் ஆவின் பால் விலை ஏறியபோது அரை லிட்டர் நீலப் பாக்கெட் 21.50 ஆனது, பச்சை 23.50. 2021 மே மாதம் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகுதான் 20, 22 என்று முழு ரூபாயானது. நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் அந்த 50 பைசா தினமும் காலையில் பால் கடை வாசலில் நின்றது. கடைக்காரர் 22 வாங்கினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். 21 வாங்கினால் நாளைக்கு 100 பாக்கெட் போடுகிறவருக்கு 50 ரூபாய், மாதம் 1,500 கையிலிருந்து போகும், பாக்கெட் பாலில் கிடைக்கும் கமிஷனே அவ்வளவுதான். பெரும்பாலோர் 22 வாங்கினார்கள். சிலர் இரண்டு பாக்கெட்டாக வாங்குங்கள், 43 ரூபாய் என்றார்கள். தனியாக இருக்கும் பாட்டி இரண்டு பாக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? சட்டப்படி செல்லும் 50 பைசா அப்போதும் இருந்தது. கடைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அடி விழுவது விலையில் என்று சொன்னேனே, அதற்கு நல்ல சாட்சி தீப்பெட்டி. 1995-இல் 25 பைசாவிலிருந்து 50 பைசா. 2007-இல் 1 ரூபாய். 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய். ஒவ்வொரு தடவையும் விலை இரட்டிப்பு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி உற்பத்தியாளர்களுக்கு மூலப்பொருள் விலை பத்தோ இருபதோ சதவீதம் ஏறினால் அவர்கள் 1.20 என்று விற்றிருக்க முடியாதா? முடியாது. 20 பைசா எங்கே இருக்கிறது? அதனால் பதினாலு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு 1 ரூபாயிலேயே நின்றார்கள், பிறகு ஒரே தாவலில் 2. கடைசித் தாவலில் வாடிக்கையாளர் கோபப்படக்கூடாது என்று குச்சிகளை 36-லிருந்து 50 ஆக்கினார்கள். சின்னக் காசு இல்லாத ஊரில் விலை நடந்து போகாது, குதித்துத்தான் போகும். அந்தக் குதிக்கு நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் உற்பத்தியாளரும் நீங்களும்.

இதைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். காசுக்கு ஏற்றபடி பொருளை வெட்டும் வித்தையை நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்ததே நம் ஊர்தான். சின்னி கிருஷ்ணன் கடலூரில் இருந்துகொண்டு, கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் வாங்கும்படி பொருள்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கப் பார்த்தவர். அவர் பிள்ளைகள் அதை ஷாம்புவில் பிடித்தார்கள், வெல்வெட் வந்தது. 1983-இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொடங்கி அப்பா பெயரின் எழுத்துகளால் சிக் ஷாம்பு போட்டார். 1990-களின் கடைசியில் சிக் 50 பைசா பாக்கெட்டை இறக்கியது. பாட்டில் ஷாம்பு பட்டணத்துச் சமாச்சாரமாக இருந்த காலம் அது. ஒரு எட்டணாவுக்குத் தலைக்குக் குளித்துவிடலாம் என்றதும் கிராமத்துப் பெட்டிக்கடைகளில் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்தது. அங்கே பொருளைச் செய்துவிட்டு விலை வைக்கவில்லை என்று பாருங்கள். காசை முதலில் மேசைமேல் வைத்து, இதற்குள் எத்தனை மில்லி அடங்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். அந்தக் காசு செத்தபோது அந்தப் பாக்கெட்டும் செத்தது. இப்போது கடையில் தொங்கும் சரத்தில் கீழ்ப்படி 1 ரூபாய். அதுவும் போனால் 2.

சரி, காசு போனால் விலை ஏறும் என்று மட்டும் நினைக்கவேண்டாம். 2025 செப்டம்பர் 22 அன்று தலைகீழாக ஒன்று நடந்தது. பிஸ்கட், ஷாம்பு, பற்பசை எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல செய்தி. கணக்குப் போட்டால் 5 ரூபாய் பிஸ்கட் 4.45 ஆகிறது, 2 ரூபாய் ஷாம்பு 1.78. சில கம்பெனிகள் அதை அப்படியே அச்சடித்தும் அனுப்பின. வரிக்குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவில்லை என்று அரசாங்கம் கேட்டுவிடக்கூடாதே என்ற பயம். பாக்கெட்டில் 4.45 என்று பார்த்ததும் எனக்கே தலை சுற்றியது. 2011-இல் 25 பைசாவை ஒழித்த நாட்டில் 5 பைசாவில் ஒரு விலை!

இங்கேதான் உங்களைப் போன்ற கடைக்கு உண்மையான சிக்கல். ஒரு பையன் ஒரு பாக்கெட் கேட்டு 5 ரூபாய்க் காசை நீட்டுகிறான். நீங்கள் 5 வாங்கினால் எம்ஆர்பிக்கு மேல் 55 பைசா வாங்கியதாக ஆகும். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக்கூடாது. 4 வாங்கினால் 45 பைசா போகும், அந்தப் பாக்கெட்டில் உங்கள் லாபமே 45 பைசா தேறுமா என்பது சந்தேகம். பையனிடம் இரண்டாக வாங்கிக்கொள் என்றால் 8.90, அப்போதும் பைசா. சுத்தமாக முழு ரூபாய் வரவேண்டுமானால் இருபது பாக்கெட் வாங்கவேண்டும், 89 ரூபாய். கனடா விதியை இங்கே அப்படியே கொண்டுவர முடியாததற்குக் காரணமும் இதுதான். அங்கே பாக்கெட்டின் மேல் விலைக்கு உச்சவரம்பு அச்சிடுவதில்லை, ரவுண்ட் செய்து 2 சென்ட் கூட வாங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே எம்ஆர்பி என்ற கூரை இருக்கிறது. கீழே ரவுண்ட் செய்ய எந்தத் தடையும் இல்லை, மேலே ரவுண்ட் செய்தால் கூரையில் தலை இடிக்கும். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவில் 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக ஏற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறதே என்பார்கள். அது அரசாங்கத்துக்குக் கட்டும் வரி, வட்டி, அபராதத்துக்கான விதி. பிஸ்கட் பாக்கெட்டுக்கு அதைக் காட்ட முடியாது. இந்த விலை தற்காலிகம், எடையைக் கூட்டிப் பழைய 5 ரூபாய்க்கே வந்துவிடுவோம் என்பது கம்பெனிகளின் பேச்சு. வரத்தான் வேண்டும், 5 ரூபாய்க் காசு அவர்களை விடாது. அதுவரை இப்படிப்பட்ட சரக்கு கையில் இருந்தால் தனியாக விற்காமல் மற்ற சாமான்களோடு ஒரே பில்லில் சேர்த்து மொத்தத்தைக் கீழே இறக்கி வாங்குங்கள். தனியாகக் கேட்பவர் போனில் கட்டினால் 4.45 என்றே அடிக்கச் சொல்லுங்கள்.

யுபிஐ பற்றிச் சுருக்கமாக. 2016-இல் வந்ததிலிருந்து கல்லாவில் சில்லறைச் சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. பைசா வரை துல்லியமாக வாங்க முடிகிறது, உங்களுக்கு அதில் கமிஷனும் இல்லை. ஆனால் 1, 2 ரூபாய்ப் பொருள் வாங்குவது யார்? குழந்தைகள், வயதானவர்கள், கூலி வாங்கிக்கொண்டு நேரே வருபவர்கள். அவர்கள் கையில் காசுதான் இருக்கும். அப்புறம், 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்துச் சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும் சிலர் கியூஆர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதிப் போட்டார்கள். ஆகவே காசுக்கு முழுதாகக் கருமாதி செய்துவிடவேண்டாம்.

எல்லா வியாபாரத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் ஊர் மீன் இறங்கும் இடத்துக்குப் போய் நின்று பாருங்கள். ஒரு கூறு நூறு ரூபாய். மத்தி மலிந்தால் கூறு பெருக்கும், வரத்து குறைந்தால் கூறு சிறுக்கும். நூறு மாறாது. விலையைக் கையில் பிடித்துக்கொண்டு அளவை ஆட்டுகிறார்கள். ஷாம்புக்காரர் மெஷினில் செய்ததை மீன்காரம்மா காலங்காலமாகக் கையால் செய்கிறார். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் காய்கறிக்காரர் 37 ரூபாய்க்கு 40 வாங்கிக்கொண்டு ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் பையில் போடுகிறாரே, அதுவும் ரவுண்டிங்தான். கொசுறு என்று அதற்கு மரியாதையான பெயர் இருப்பதால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. மளிகையில் பாக்கெட்டாக வந்துவிட்ட பொருளுக்கு இந்த நெகிழ்வு கிடையாது. உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் பொருளுக்கு இன்னும் உண்டு. 86 ரூபாய் வரும் இடத்தில் 85 வரும்படி உளுந்தை ஒரு விரல் குறைத்துப் போடுவதோ, 90-க்கு நிறுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்பதோ உங்கள் கையில் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட் பெண்ணிடம் அது இல்லை.

இன்னொன்றும் அவர்களிடம் இல்லை. பாக்கி. ரெண்டு ரூபாய் அப்புறம் வாங்கிக்கங்க என்று சொன்னால் உங்கள் வாடிக்கையாளர் தலையாட்டிவிட்டுப் போவார், நாளைக்குத் திரும்ப வருவார். வராமல் எங்கே போவார், ரெண்டு ரூபாய் உங்களிடம் இருக்கிறதே! நான் கணக்கு எழுதிய ஒரு கடையில் சில்லறைப் பாக்கிக்கென்றே ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. கடைக்காரர் தரவேண்டிய ரெண்டும் மூன்றும் ஒரு பக்கம், அவருக்கு வரவேண்டியது எதிர்ப் பக்கம். வருஷக் கடைசியில் இரண்டும் சமமாகவே இருக்கும். துட்டு என்ற சொல்லே டச்சுக்காரரின் டாய்ட் என்னும் செப்புக்காசிலிருந்து வந்தது என்பார்கள். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அவர்கள் கடை விரித்த காலத்தில் கடற்கரையோரம் ஓடிய காசு. காசு ஒழிந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, சொல் மட்டும் நம்மிடம் பாக்கி.

இனி, காசு எப்படிச் சாகிறது என்பதைப் பொறுத்தும் கடைக்கு வரும் வலி மாறும். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் முறையாகச் செத்தன. 2011 ஜூன் 30 முதல் செல்லாது என்று முன்கூட்டியே அறிவித்து, அதற்கு முன்தினம் வரை வங்கியில் மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். அப்படியும் மஞ்சக்குப்பத்தில் ஒருவர் ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டு நிறைய நாலணாவை வைத்துக்கொண்டு ஜூலையில் என்னிடம் வந்தார். இன்றைக்கும் அவர் கடைக் கதவு ஆடாமல் இருக்க அந்தப் பாட்டில்களைத்தான் அண்டக் கொடுத்திருக்கிறார். 50 பைசா அப்படிச் சாகவில்லை. சட்டப்படி இன்றும் உயிரோடு இருக்கிறது, தெருவில் செத்துவிட்டது. யாரோ ஒரு கடைக்காரர் வாங்க மறுத்தார், அதைப் பார்த்து அடுத்தவர் மறுத்தார், முடிந்தது. இந்த மாதிரிச் சாவில் கடைசியாக யார் கையில் காசு இருக்கிறதோ அவருக்கே நட்டம். 10 ரூபாய்க் காசுக்கு நம் பக்கம் வந்த கதியும் இதேதான். அது சின்னக் காசுகூட இல்லை. பதினாலு வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டும் ஜனங்கள் கேட்கவில்லை. வாங்க மாட்டேன் என்று சொல்பவரைக் குறை சொல்லி என்ன பயன், அவரிடமிருந்தும் அடுத்தவர் வாங்கமாட்டாரே.

அமெரிக்காவில் நடந்தது இரண்டுக்கும் நடுவே. 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் கடைசிப் பென்னியை அடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்குப்படி ஒன்று அடிக்க 3.69 சென்ட். நிறுத்தியது சரிதான். ஆனால் பில்லை எப்படி ரவுண்ட் செய்வது என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் போடாமல் நிறுத்தினார்கள். கடைசிக் காசு அடிக்கும் முன்பே கடைகளில் பென்னித் தட்டுப்பாடு வந்துவிட்டது. சில பெரிய கடைகள் எதற்கு வம்பு என்று எல்லா ரொக்க பில்லையும் கீழேயே இறக்கின, ஒரு பில்லுக்கு 4 சென்ட் வரை கைநட்டம். சில கடைகள் சரியான சில்லறை கொண்டுவாருங்கள் என்று எழுதிப் போட்டன. உணவு மானிய அட்டையில் வாங்குபவரிடம் மற்றவரைவிடக் கூடவோ குறையவோ வாங்கக்கூடாது என்று அங்கே ஒரு விதி உண்டு. அட்டைக்குச் சென்ட் வரை துல்லியம், ரொக்கத்துக்கு ரவுண்டிங் என்றால் அந்த விதி இடிக்குமா என்று வக்கீல்களிடம் ஓடினார்கள். காசு போனதைவிட, விதி இல்லாமல் போனதில்தான் கடைக்காரர்கள் அதிகம் கஷ்டப்பட்டார்கள்.

1 ரூபாய் போகுமா என்று கேட்டீர்கள். 2018-இல் தகவல் உரிமைச் சட்டப்படி வந்த பதிலில் 1 ரூபாய்க் காசு ஒன்றை அடிக்க 1 ரூபாய் 11 பைசா ஆகிறது என்று இருந்தது. அதை வைத்துச் சீக்கிரமே போய்விடும் என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு காசு ஒரு தடவை விற்றுத் தீர்வதில்லை, இருபது முப்பது வருஷம் கை மாறும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2 ரூபாயும் 5 ரூபாயும் இருக்கும்வரை 1 ரூபாய் இல்லாமலே எந்த முழு ரூபாய்த் தொகையையும் கொடுத்துவிட முடியும். 1 ரூபாய் தரவேண்டுமா, 5-ஐக் கொடுத்து இரண்டு 2 ரூபாயைத் திரும்ப வாங்குங்கள். 3 ரூபாயா, 5 கொடுத்து ஒரு 2. கல்லாவில் காசு அதிகம் வேண்டும், அவ்வளவுதான். ஆகவே 1 ரூபாய் மட்டும் போனால் பில்லில் பெரிய கலவரம் வராது. 1, 2 இரண்டும் சேர்ந்து போனால்தான் 5-க்கு ரவுண்ட் செய்யவேண்டிவரும். அப்போது கனடாக் கணக்கு அப்படியே பொருந்தும், எம்ஆர்பி விதியைத் திருத்தவும் வேண்டியிருக்கும்.

நீங்கள் கவனிக்கவேண்டியது நாணயச் சாலையை அல்ல, உங்கள் கடை முகப்பில் தொங்கும் சரங்களையும் மிட்டாய் ஜாடிகளையும். 1 ரூபாய்ப் பொருள்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று எண்ணுங்கள். அவை ஒவ்வொன்றாக 2-க்கு ஏறி முடிந்த அன்றைக்கு 1 ரூபாய்க்கு விலை என்ற வேலை போய்விடும், மீதி கொடுக்கும் வேலை மட்டும் இருக்கும். எட்டணாவும் முதலில் அப்படித்தான் வேலை இழந்தது. மாதச் சாமான் வாங்குபவர்கள் அதிகம் வரும் கடை என்றால் அந்த மாற்றம் உங்களுக்குத் தெரியக்கூடச் செய்யாது. பள்ளிக்கூடத்து வாசல் கடை என்றால் தெரியும். கையில் 5 ரூபாய் கொண்டுவரும் பிள்ளை ஐந்து பொருளுக்குப் பதில் இரண்டு வாங்கும். 5 ரூபாய் வியாபாரம் 4 ஆகும், அதோடு அஞ்சு வகையிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிய பிள்ளை இனி இரண்டோடு நிறுத்திக்கொள்ளும். மெதுவாக நகரும் சரக்கு அப்படியே நின்றுவிடும். 5 ரூபாய்க்குக் கீழ் உள்ள சரக்கை இப்போதே தனியாக ஒரு தாளில் எழுதி, மாத லாபத்தில் அதன் பங்கு எவ்வளவு என்று பார்த்துவையுங்கள்.

மிட்டாய் விஷயம். கொடுப்பது தப்பில்லை, திணிப்பது தப்பு. வேண்டாம், என் 2 ரூபாயைக் கொடு என்று வாடிக்கையாளர் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்; மிட்டாய் சட்டப்படியான பணம் இல்லை. அதைவிட எனக்குக் கவலை தந்தது கணக்குதான். மீதிக்குக் கொடுத்த மிட்டாயும் விற்பனை. அதை பில்லில் காட்டாமல் விட்டால் வாங்கிய ஜாடிகளுக்கும் விற்ற கணக்குக்கும் வருஷக் கடைசியில் ஒட்டாது. ஒரு கடையில் இப்படித்தான் பதினோரு ஜாடி மிட்டாய் காணாமல் போயிருந்தது. வேலைக்காரப் பையன் தின்றுவிட்டான் என்று முதலாளி அவனைத் திட்டிக்கொண்டிருந்தார். கல்லாவில் உட்கார்ந்து கொடுத்ததெல்லாம் அவரேதான்.

கடைசியாக அந்த எட்டணாக்கள். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 50 பைசாவை ஒரு தடவைக்கு 10 ரூபாய் வரைதான் செல்லுபடியாகும் பணமாகக் கொடுக்க முடியும். 1 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் 1,000 ரூபாய் வரை. அதனால் சரக்கு போடும் ஸ்டாக்கிஸ்ட்டிடம் மொத்தமாகத் தள்ளலாம் என்று பார்க்காதீர்கள், அவர் மறுக்கலாம். வங்கிக்குக் கொண்டுபோங்கள். உங்கள் கணக்கில் கட்டுவதற்கு வரம்பு கிடையாது, காசு என்பதற்காகக் கிளை மறுக்கவும் கூடாது. நூறு நூறாக எண்ணிப் பாலித்தீன் பையில் கட்டி, மாதத்தின் நடுவில், மதியம் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். முதல் தேதி காலையில் கோணிப்பையோடு போய் நின்றால் காசாளர் என்ன முகம் காட்டுவார் என்று உங்களுக்கே தெரியும். போகும்போது 1 ரூபாய், 2 ரூபாயாக மாற்றித் தரமுடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அடுத்த பத்து நாளைக்கு மிட்டாய் ஜாடியைத் திறக்கவேண்டியிருக்காது.